சஹார்புக்தின் மகனுக்காக ஒரு விண்ணப்பம்

பழைய கல் சிலுவைகளைச் சுவரிலும் பீடத்திலும் தாங்கி நிற்கும் ஆலயங்களின் பங்குத்தந்தையருக்கும், பங்குப் பேரவையினருக்கும், திருப்பணிக் குழுவினருக்கும். கேரளத்தில் இதே பொறுப்பைச் சுமக்கும் அச்சன்மாருக்கும்,

வணக்கம்.

நான் பரங்கிமலை அடிவாரத்தில் வளர்ந்தவன். ஆர்மீனிய வணிகர் கோஜா பெட்ரூஸ் உஸ்கான் 18ஆம் நூற்றாண்டில் கட்டிக்கொடுத்த படிகளில் பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு எத்தனை முறை ஏறியிருப்பேன் என்று கணக்கில்லை. மேலே போய்ச் சேர்ந்ததும் பாட்டி மூச்சு வாங்கிக்கொண்டே பீடத்துச் சுவரைக் காட்டுவார். "இதுதாண்டா ரத்தம் வேர்த்த சிலுவை, கும்பிட்டுக்கோ." கும்பிட்டுக்கொள்வேன். ஒருநாள், "சுத்தி என்னமோ எழுதியிருக்கே, என்னது பாட்டி?" என்று கேட்டேன். "அது தோமையார் பாஷை. நமக்குப் புரியாது" என்றார்.

அந்தப் பதில் போதுமென்று முப்பது வருடம் இருந்துவிட்டேன். பிறகுதான் அந்த எழுத்தில் என்ன இருக்கிறது என்று தேடிப் படித்தேன். படித்த நாளிலிருந்து மனத்தில் கிடப்பதைத்தான் இந்த மடலில் எழுதுகிறேன். குற்றம் சொல்வதற்காக எழுதவில்லை. அந்தக் கற்களை இத்தனை நூற்றாண்டுகள் பூவும் மெழுகுவர்த்தியும் வைத்துக் காத்தது உங்கள் ஆலயங்கள்தான். அதனால்தான், திருப்பணியின்போது அந்தக் கற்கள் தொலைந்துவிடாமல் முதலில் படி எடுத்து வைத்துக் காக்க வேண்டும் என்று உங்களிடமே கேட்கிறேன்.

முதலில் கல்லைப் பற்றிக் கொஞ்சம். 1547இல் போர்த்துக்கீசியர் மலையுச்சியில் ஆலயத்துக்கு அஸ்திவாரம் தோண்டினார்கள். அப்போது மண்ணுக்குள்ளிருந்து இந்தச் சிலுவை வெளிவந்தது. எடுத்தவர்கள் அதைப் புதிய ஆலயத்தின் பீடத்துச் சுவரில் பதித்தார்கள். நமக்கு 1547 மிகப் பழைய காலம். ஆனால் அந்தக் கல்லுக்கு அன்றைக்கே பல நூறு வயது ஆகியிருந்தது. ஆய்வாளர்களில் பலர் அதை 7 அல்லது 8ஆம் நூற்றாண்டில் வைக்கிறார்கள். சிலர் கொஞ்சம் முன்னும் பின்னும் தள்ளுவார்கள். பல்லவர் மாமல்லபுரத்துப் பாறைகளைச் செதுக்கிக்கொண்டிருந்த காலத்துக்குப் பக்கத்தில் வருகிறது. ஆக, நாம் பார்ப்பது அந்தக் கல்லின் இரண்டாவது வாழ்க்கை. முதல் வாழ்க்கையில் அது எங்கே நின்றது, எந்தச் சுவரில் இருந்தது, யார் அதன் முன்னால் மண்டியிட்டார்கள் என்பதையெல்லாம் மண் மூடிவிட்டது. மிஞ்சியிருப்பது கல்லின் முகம் ஒன்றுதான்.

அந்த முகத்தை நிதானமாகப் பாருங்கள். சிலுவையில் இயேசுவின் உருவம் இல்லை. நான்கு முனைகளும் மொட்டு விட்டிருக்கின்றன. அடியில் படிப்படியான மேடை, அதிலிருந்து இருபக்கமும் இலைகள் மேல்நோக்கிச் சுருண்டு எழுகின்றன. மேலேயிருந்து புறா இறங்குகிறது. இருபுறமும் தூண்கள், தூண்களின் தலையில் மகரங்கள், அவற்றின் வாயிலிருந்து புறப்பட்டு வளைவு சிலுவையைச் சூழ்கிறது. நம் கோயில் கோபுரங்களிலும் கோட்டங்களிலும் இருக்கும் மகர தோரணம்தான் இது! பாரசீகத்துத் திருச்சபையின் சிலுவைக்கு நம் ஊர்க் கல்தச்சர் மரபு தோரணம் கட்டியிருக்கிறது. இதைப் பற்றி ஒரு வார்த்தையும் என் மறைக்கல்வி வகுப்பில் வரவில்லை என்பதில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு.

அந்த வளைவைச் சுற்றித்தான் எழுத்து ஓடுகிறது. பஹ்லவி எழுத்து, அதாவது இஸ்லாம் வருவதற்கு முன் பாரசீகத்தை ஆண்ட சாசானியர் காலத்து எழுத்து. போர்த்துக்கீசியர் அதைப் படிக்க ஒரு பிராமணப் பண்டிதரை அழைத்து வந்தார்கள். அவர் ஒவ்வொரு குறிக்கும் ஒரு பொருள் விரித்து, இயேசுவின் சீடரான தோமையாரின் வரலாறும் அவர் இறந்த கதையுமாக நீண்ட விளக்கம் ஒன்றைச் சொன்னதாக அந்தக் கால ஏடுகள் எழுதிவைத்திருக்கின்றன. கல்லில் இருப்பதோ ஒரே ஒரு வாக்கியம். 1558 டிசம்பர் 18 அன்று திருப்பலியின்போது சிலுவை வேர்த்தது என்றும், 1704 வரை பல தடவை அப்படி நடந்தது என்றும் பதிவுகள் சொல்கின்றன. மலை முழுக்க அந்தப் புகழ் நின்றது. எழுத்தைப் படிக்க மட்டும் ஆள் இல்லை.

1873இல் ஏ. சி. பர்னெல் அது பஹ்லவி என்று காட்டினார். மதராஸ் மாகாணத்தில் நீதிபதியாக இருந்தவர். தஞ்சை அரண்மனைச் சுவடிகளுக்கு அட்டவணை செய்தவரும் அவரே. அவர் படித்த வாசகம் பிற்பாடு நிற்கவில்லை. சிலுவைத் துன்பத்தையும் மெய்யான கிறிஸ்துவையும் பற்றிய இறையியல் வாக்கியம் அது என்று அவர் நினைத்தார். அவர் மேல் குறை இல்லை. பஹ்லவியில் ஒரே குறி வ, ந, ர என்று பல ஒலிகளுக்கு நிற்கும். ஒரு சொல்லை நாலு விதமாகப் படிக்க இடம் இருக்கிறது. அவருக்குப் பிறகு வந்த அறிஞர்கள் ஒவ்வொருவராக முட்டி மோதி, 1929இல் வின்க்வர்த் என்பவரின் வாசிப்பில் விஷயம் ஓரளவு தெளிந்தது. பெயர்களில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. ஒருவர் அஃப்ராஸ் என்று படித்த பெயரை, 2002இல் வந்த வாசிப்பு கபிரியேல் என்கிறது. ஆனால் வாக்கியத்தின் உயிர் இரண்டிலும் ஒன்றுதான்: எங்கள் ஆண்டவராகிய மெசியா, சஹார்புக்தின் மகன்மேல் இரங்குவாராக, இதைச் செய்தவன் அவன்.

இவ்வளவுதான். இதைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒரு மனிதன் தன் அப்பா பெயரைச் சொல்லி, எனக்கு இரக்கம் காட்டு என்று கேட்டுக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறான். பாட்டி அதன் முன்னால் நின்று தினமும் கேட்டதும் அதையேதான், "ஆண்டவரே இரக்கமாயிரும்." இருவருக்கும் நடுவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வருடங்கள். பாட்டிக்கு யாராவது இதைச் சொல்லியிருந்தால் அவனுக்காகவும் ஜெபமாலையில் ஒரு மணி சேர்த்து உருட்டியிருப்பார்.

இதே வாசகம் கேரளத்தில் கோட்டயம் வலியபள்ளியிலும் கடமட்டத்திலும் முட்டுச்சிறையிலும் உள்ள சிலுவைகளிலும் இருக்கிறது. கோட்டயத்தில் இரண்டு சிலுவைகள்; பெரியதில் பஹ்லவியோடு, கீழைத் திருச்சபையின் வழிபாட்டு மொழியான சிரியாக்கில் விவிலியத்தின் கலாத்தியர் 6:14 வசனமும் வெட்டியிருக்கிறது. அந்த ஆலயம் 1550இல் கட்டப்பட்டது. கற்கள் அதைவிடப் பழையவை, வேறு எங்கோ நின்று பிறகு வந்தவை. கடமட்டத்தில் பீடப் பகுதியின் சுவரிலேயே கல் இருக்கிறது. 2001இல் கோவாவின் அகசாயிம் பக்கம் சுவாரி ஆற்றங்கரையில் கிடைத்த சிலுவையோ, பிற்காலத்தில் செம்பாறைக் கல்லால் கட்டிய நினைவுச் சிலுவை ஒன்றுக்குள் புதைந்திருந்தது. வெளியே ஒரு சிலுவை, உள்ளே அதைவிடப் பல நூற்றாண்டு மூத்த இன்னொன்று. இலங்கையில் அனுராதபுரத்தில் 1912இல் அகழ்ந்தெடுத்த சிலுவையில் எழுத்து இல்லை. ஆனாலும் மொட்டும் இலையும் அதே குடும்பம்தான். பாரசீகக் கிறிஸ்தவர்கள் அந்தத் தீவில் இருந்ததை 6ஆம் நூற்றாண்டில் காஸ்மாஸ் என்ற கிரேக்கப் பயணி எழுதியிருக்கிறார். 849ஆம் ஆண்டின் தரிசாப்பள்ளிச் செப்பேடு கொல்லத்துத் திருச்சபைக்குக் கொடுத்த உரிமைகளை வட்டெழுத்தில் தமிழாகச் சொல்கிறது. சாட்சிக் கையெழுத்துகளில் பஹ்லவியும் இருக்கிறது. பரங்கிமலைக் கல்லில் இருக்கும் எழுத்து வகையை நம் கடற்கரை வணிகர்கள் கையெழுத்துப் போடப் பயன்படுத்தினார்கள் என்றால், அது எங்கிருந்தோ வந்த மர்ம எழுத்து ஆகாது. இந்தத் துறைமுகங்களின் எழுத்து அது.

சரி, எதற்கு இதையெல்லாம் சொல்கிறேன்? பயம்தான் காரணம்.

எனக்கு இருபது வயது இருக்கும்போது தென்மாவட்டத்தில் என் அப்பாவின் ஊரில் பழைய குருசடியை, அதாவது சிலுவை வைத்த சிறு வழிபாட்டிடத்தை, பிரித்துப் பெரிதாகக் கட்டினார்கள். நானும் மணல் சுமந்தேன். வாசலுக்குப் பக்கத்தில் எழுத்து வெட்டிய ஒரு பழைய கல் கிடந்தது. பாதி எழுத்து தேய்ந்திருந்தது. என்ன காலம், யார் கல் என்று யாரும் பார்க்கவில்லை. நல்ல சதுரமான கல்லாக இருக்கிறதே என்று கொத்தனார் அதைக் கொடிமர மேடைக்கு அடியில் போட்டார். எழுத்துள்ள பக்கம் கீழே. மேலே கான்கிரீட். பக்கத்தில் நின்ற நான் வாய் திறக்கவில்லை. கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. எல்லோரும் பக்தியோடுதான் வேலை செய்தார்கள். அந்தக் கல் இப்போதும் அங்கேதான் இருக்கிறது. அதில் யார் பெயர் இருந்தது என்று இனி யாருக்கும் தெரியாது. திருப்பணி என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கொடிமர மேடைதான் நினைவுக்கு வரும்.

இது நம் ஊருக்கு மட்டும் உள்ள நோய் என்று நினைக்க வேண்டாம். ஸ்காட்லாந்தில் ஹில்டன் ஆஃப் காட்போல் என்ற இடத்தில் பிக்ட் என்ற பழங்கால மக்கள் செதுக்கிய பெரிய சிலுவைக் கல் நின்றது. 1676இல் ஒருவர் தனக்கும் தன் மூன்று மனைவியருக்கும் நினைவுக் கல்லாக ஆக்குவதற்காக அதன் சிலுவை முகத்தையே உளியால் செதுக்கித் தள்ளிவிட்டார். அந்த முகத்தின் சில்லுகளை நம் காலத்தில்தான் மண்ணைச் சலித்துச் சலித்து எடுத்தார்கள். இங்கிலாந்தின் பேக்வெல் ஊரில் 1840களில் ஆலயத்தின் பழைய சுவர்களைப் பிரித்தபோது ஆங்கிலோ சாக்சன் காலத்துச் சிலுவைத் துண்டுகள் குவியலாக வெளிவந்தன. நடுக்காலத்துக் கொத்தனார்கள் அவற்றைச் சாதாரணக் கட்டுக்கல்லாகச் சுவரில் வைத்திருந்தார்கள். ஈஸ்பி ஊர்ச் சிலுவையும் அப்படித்தான். உடைத்து ஆலயச் சுவரில் வைத்திருந்த துண்டுகளை எடுத்துச் சேர்த்தார்கள்; 1931இல் அது லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது. ஊர் ஆலயத்தில் இப்போது இருப்பது சாந்து வார்ப்பு நகல்.

ஈஸ்பியை நான் முன்மாதிரியாகச் சொல்லவில்லை. கல்லைப் பிடுங்கி அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டியில் வையுங்கள் என்று சிலர் உங்களிடம் கேட்கலாம். நான் அதைக் கேட்க மாட்டேன். பரங்கிமலைச் சிலுவை பீடத்தில் இருப்பதும் அதன் வரலாறுதான். 1547க்குப் பிறகு அதன் முன்னால் அழுதவர்களும் நேர்ந்துகொண்டவர்களும் அந்தக் கல்லின் கதையில் சேர்ந்துவிட்டார்கள். வேல்ஸில் நெவர்ன் என்ற சிற்றூர் ஆலயத்தில் 5, 6ஆம் நூற்றாண்டுக் கல் ஒன்று ஜன்னல் அடிக்கல்லாகக் கிடக்கிறது. லத்தீனிலும், ஓகம் என்ற பழைய அயர்லாந்து எழுத்திலும் அதில் பெயர் வெட்டியிருக்கிறது. பக்கத்து ஜன்னல் அடியில் பின்னல் வேலைச் சிலுவை ஒன்று. இரண்டையும் அவர்கள் பெயர்க்கவில்லை. போகிறவர்கள் ஜன்னலோரம் குனிந்து விரலால் காட்டிப் படிக்கிறார்கள். எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது.

ஆனால் அந்த நாட்டுக்காரர்கள் இன்னொன்றும் செய்தார்கள். 1984இல் பிரிட்டிஷ் அகாதமி வழியாக ரோஸ்மேரி கிராம்ப் என்ற பேராசிரியர் டர்ஹாம், நார்தம்பர்லாந்து பகுதிகளின் கல் சிற்பங்களுக்கு ஒரு பட்டியல் நூல் கொண்டுவந்தார். அதன் பிறகு மாவட்டம் மாவட்டமாகத் தொகுதிகள் வந்தன. சுவரில் கையளவு துண்டு இருந்தாலும் அது எந்த ஆலயத்தில், எந்தச் சுவரில், தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று குறித்து, அளந்து, படம் எடுத்துப் போட்டிருக்கிறார்கள். இனி ஒரு சுவர் இடிந்தாலும் கல் காணாமல் போகாது.

நமக்கு இங்கிலாந்து வரை போக வேண்டிய தேவையும் இல்லை. கும்பகோணம் பக்கம் திருக்கோடிக்காவல் கோயிலைச் செம்பியன் மாதேவி 10ஆம் நூற்றாண்டில் கற்றளியாக எடுப்பித்தபோது, பழைய கற்களில் இருந்த கல்வெட்டுகளைப் படித்து, புதுச் சுவரில் திரும்ப வெட்டச் செய்தார். அப்படி வெட்டியவற்றில் "இதுவும் ஒரு பழங்கற்படி" என்று குறிப்பு இருக்கிறது. பழங்கல்லின் படி. பழைய கல்லைப் பார்த்து எடுத்த நகல் இது என்று வெளிப்படையாக எழுதி வைத்திருக்கிறார்கள். ஆயிரம் வருடத்துக்கு முன் ஒரு சோழ அரசிக்கு இந்த அக்கறை இருந்தது. அப்புறம் நாம் ஏன் சுவரைக் கடப்பாரையால் குத்திவிட்டுப் பிறகு யோசிக்க வேண்டும்?

என் வேண்டுகோளே அந்தப் பழங்கற்படிதான். உங்கள் ஆலயத்தில் பழைய சிலுவையோ, எழுத்துள்ள கல்லோ, கொடிவேலை செய்த துண்டோ எங்கே இருந்தாலும், அதைத் தொடுவதற்கு முன்னால் ஒரு படி எடுத்து வையுங்கள். பழைய கல்வெட்டுக்காரர்கள் ஈரத் தாளை ஒட்டி, பிரஷ்ஷால் தட்டி, மை ஒற்றி மைப்படி எடுப்பார்கள். வழிபாட்டில் இருக்கும் கல்லுக்கு அது வேண்டாம். ஈரமும் தட்டலும் மையும் அதற்கு ஆகாது. இரவில் ஆலய விளக்கை அணைத்துவிட்டு ஒரு டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். பகலில் கண்ணுக்குத் தெரியாத எழுத்தெல்லாம் நிழலோடு எழுந்து நிற்கும். அந்த வெளிச்சத்தில், பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்து, நான்கு பக்கமிருந்தும் கேமராவில் எடுங்கள். நல்ல கைப்பேசியே போதும். நூறு, நூற்றைம்பது படங்களைக் கணினியில் சேர்த்து முப்பரிமாண உருவம் செய்ய உங்கள் பங்கிலேயே ஒரு பொறியியல் கல்லூரி மாணவர் இருப்பார். 1802இல் ஆங்கிலேய நில அளவையாளர் லாம்ப்டன் இந்தப் பரங்கிமலையிலிருந்துதான் பெரும்பாக்கம் குன்று வரை அடிக்கோடு அளந்து நாட்டின் நில அளவையைத் தொடங்கினார். நாட்டையே அளந்த மலையில் ஒரு கல்லை அளப்பது பெரிய வேலையா?

அடுத்தது பெயிண்ட். திருவிழா நெருங்கும்போது கல்லுக்கு எனாமல் பூச வேண்டும் என்று யாராவது ஆசைப்படுவார்கள். அன்பால்தான். தயவுசெய்து விடாதீர்கள். எனாமல் எழுத்தின் பள்ளத்தை நிரப்பிவிடும். ஏற்கெனவே ஒரே குறி மூன்று ஒலிக்கு நிற்கும் எழுத்து அது. கால் மில்லிமீட்டர் வளைவு மூடினாலும் ஒருவன் பெயர் மாறிப் போகும். பழைய பூச்சை எடுக்கிறேன் என்று கம்பி பிரஷ்ஷும் ஆசிடும் கொண்டு வருகிறவரையும் நிறுத்துங்கள். நம் கோயில்களில் மணல் வீச்சு அடித்துக் கல்வெட்டுகள் மழுங்கிப்போன கதை உங்களுக்குத் தெரியும். கல்லைச் சுற்றிச் சிமெண்டும் டைல்ஸும் வேண்டாம். சிமெண்ட் ஈரத்தை உள்ளே அடைத்து உப்பைக் கல்லின் முகத்துக்குத் தள்ளும். சுண்ணாம்புச் சாந்து அப்படிச் செய்யாது. கொத்தனாரிடம் இதை வேலை தொடங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். தொடங்கிய பிறகு சொன்னால் கூலி, நாள், சாமான் என்று ஆயிரம் சிக்கல் வரும். அதை நான் பார்த்திருக்கிறேன்.

பழைய சுவரைப் பிரிக்கத்தான் வேண்டும் என்றால், பிரிக்கும் நாட்களில் பேரவையிலிருந்து ஒருவர் அங்கே உட்கார்ந்திருக்க வேண்டும். வெளிவரும் ஒவ்வொரு கல்லையும் புரட்டிப் பார்த்துவிட்டு லாரியில் ஏற்றச் சொல்லுங்கள். செதுக்கிய முகத்தை உள்பக்கம் திருப்பி வைப்பதுதான் கொத்தனார்களின் வழக்கம், தட்டையான முதுகு வெளியே வரட்டும் என்று. அதனால் வெறும் கல் என்று தோன்றுவதுதான் பெரும்பாலும் வெறும் கல்லாக இருக்காது. ஏதாவது தென்பட்டால் தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள். சொன்னால் வேலையை நிறுத்திவிடுவார்கள் என்ற பயம் எல்லாப் பேரவைகளிலும் இருக்கிறது. நாலு வாரம் தாமதம் ஆகலாம். என் அப்பா ஊர்க் கல்லுக்கு அந்த நாலு வாரம் கிடைக்கவில்லை.

கடைசியாக, இதுதான் எனக்கு மிகவும் வேண்டியது. கல்லின் பக்கத்தில் ஒரு சிறு பலகை வையுங்கள். ஏற்கெனவே பலகை இருந்தால் அதில் ஒரு வரி சேருங்கள். கண்டெடுத்த வருடமும் புதுமையும் மட்டும் போதாது. அந்த வாசகத்தைத் தமிழில் எழுதுங்கள். கோட்டயத்திலும் கடமட்டத்திலும் மலையாளத்தில் எழுதுங்கள். பெயரில் அறிஞர்கள் ஒத்துப்போகவில்லை என்றால் அதையும் எழுதலாம், ஜனங்களுக்குப் புரியும். இது தோமையார் கையால் செதுக்கியது என்ற நம்பிக்கையோடு வளர்ந்தவர்களுக்கு மனம் நோகுமே என்று நீங்கள் தயங்கலாம். எனக்கும் முதலில் நொந்தது. ஆனால் பாட்டியின் நம்பிக்கையை அந்த எழுத்து கொஞ்சமும் குறைக்கவில்லை. தோமையாரைத் தேடி இந்த மலைக்கு வந்த ஒருவன், அல்லது அவர் பெயரில் வாழ்ந்த ஒரு சிறு கூட்டம், கடல் கடந்து வந்த தன் எழுத்தில் தன் அப்பாவையும் சேர்த்து ஆண்டவரிடம் ஒப்படைத்த கல் அது என்று தெரிந்தபோது எனக்கு அந்தப் படிகள் இன்னும் நெருக்கமாயின.

டிசம்பர் 18 திருநாள் திருப்பலியில், விசுவாசிகள் மன்றாட்டுப் பகுதியில் ஒரே ஒரு மன்றாட்டைச் சேர்க்க முடியுமா? இந்தக் கல்லைச் செய்த சஹார்புக்தின் மகனுக்காக மன்றாடுவோம் என்று வாசிக்க அரை நிமிடம் ஆகும். அவன் கேட்டது அது ஒன்றைத்தான். நாங்கள் "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று பதில் சொல்வோம்.

படம் எடுக்கவும், டார்ச் பிடிக்கவும், பலகைக்கு வாசகம் எழுதிக் கொடுக்கவும், சுவர் பிரிக்கும் நாளில் வெயிலில் உட்கார்ந்து கல் புரட்டவும் நான் வருகிறேன். என்னைப் போல இன்னும் சிலர் இருக்கிறார்கள். கூலி வேண்டாம். ஒரு நாள் முன்னால் சொன்னால் போதும்.

இப்படிக்கு,
பரங்கிமலைப் படிகளில் வளர்ந்த ஒரு விசுவாசி